பிடித்துக்கொண்ட சக்கரமும் பேசத் தொடங்கிய வண்டியும்

மூன்றாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. முதலாம் ஆண்டு வகுப்பில் பேராசிரியர் அவர்கள் கரும்பலகையில் ஒரு சாய்தளத்தை வரைந்து, அதன்மேல் ஒரு கட்டையை வைத்து, அது எந்தக் கோணத்தில் நழுவத் தொடங்கும் என்று கணக்கிடச் சொன்னபோது, எனக்கும் அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வந்தது. கட்டை நழுவினால் என்ன, நழுவாவிட்டால் என்ன என்று எண்ணிக்கொண்டே விடையை எழுதி வைத்தேன். அதே உராய்வு எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு குடும்பத்தின் வருமானத்தையே நிறுத்தி வைக்கும் என்று அன்று நான் கருதவில்லை.

பழைய வேன் ஒன்றின் சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டால் அதை எவ்வாறு விடுவிப்பது, ஓடும்போது அடிப்பகுதியிலிருந்து எழும் சத்தத்தின் பிறப்பிடத்தை எவ்வாறு கண்டறிவது என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம். இவை இரண்டும் தொடர்பில்லாத வேலைகள் போலத் தோன்றும். எங்கள் வண்டியைப் பொறுத்தவரை ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்பது கடைசியில்தான் தெரிய வந்தது.

வண்டியின் வரலாறு

எங்களுடையது மாருதி ஆம்னி. 1984ஆம் ஆண்டில் ‘மாருதி வேன்’ என்னும் பெயரில் வெளிவந்து, 1988இல் ‘ஆம்னி’ என்று பெயர் மாறி, 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி இது. உற்பத்தி நின்றதே தவிர ஓட்டம் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவும், காய்கறி கொண்டு செல்லவும், நோயாளிகளை அழைத்துச் செல்லவும் இன்றும் நம் ஊர்களில் இதனைக் காணலாம். 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்குச் செல்கிறது. முன்புறம் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த ஸ்ட்ரட்டுகள். பின்புறம் மாட்டு வண்டிக் காலத்திலிருந்து நாம் அறிந்த பட்டை ஸ்பிரிங்குகள். எங்கள் வண்டியில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கும் கம்பி வழியாக இந்தப் பின்சக்கர டிரம்களைத்தான் பிடிக்கிறது. இந்த அமைப்பை மனத்தில் கொண்டால் பின்னர் வருவன எளிதில் விளங்கும்.

அப்பா இந்த வேனில் எங்கள் ஊர்த் தோட்டங்களின் மல்லிகைப் பூவை விடியற்காலையில் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிச் செல்பவர். சென்ற ஆண்டு புரட்டாசியில் அவர் கால் முறிந்து படுத்துவிட்டார். வண்டி கிணற்றடியில், சுவரைப் பார்த்தபடி, ஹேண்ட் பிரேக் போட்டது போட்டபடியே நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதன்மேல் பெய்தது. நின்ற இடம் ஈர மண்.

மார்கழி பிறந்தது. பூ வரத்துக் குறைந்து விலை ஏறும் காலம் அது. நாலு காசு பார்க்க வேண்டிய அந்த மாதத்தில் வாடகை வண்டிக்குப் பணம் கொடுத்தே லாபம் கரைந்தது. அப்பா கோலை ஊன்றிக்கொண்டு வந்து வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் உயிர் பெற்றது. ஆனால் வண்டி நகரவில்லை. இடப்பக்கப் பின்சக்கரம் இறுகிப் பிடித்திருந்தது.

நாங்கள் செய்த முதல் தவறு

‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்று சொல்லிக்கொண்டே அக்கம்பக்கத்தார் கூடிவிட்டனர். டிராக்டர் ஒன்று வந்தது. வண்டியின் பின்புறம்தான் திறந்த இடம் என்பதால், இடப்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் பின் முனையில் கைக்கு எட்டிய இடத்தில் வடக்கயிற்றைக் கட்டினோம். டிராக்டர் சற்றுக் கோணலாக நின்று இழுத்தது. வேன் நகர்ந்தது உண்மைதான். ஆனால் சக்கரம் சுழலவில்லை. உழுத சால் போல மண்ணில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு அது இழுபட்டு வந்தது. இருபதடி தூரம் சென்றதும் அப்பா, “போதும்பா, நிறுத்துங்க” என்று கையைக் காட்டினார்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டிராக்டரின் இழுவிசை டிரம்முக்குள் இருக்கும் பிடியை உடைக்கும் முன்னரே டயருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிடி தோற்றுவிட்டது. ஈர மண்ணின்மேல் டயரின் உராய்வு குறைவு. எனவே எவ்வளவு இழுத்தாலும், அந்த உராய்வு தாங்கும் அளவுக்கு மேல் ஒரு துளி விசையும் டிரம்முக்குச் சென்று சேராது. மிச்ச விசையெல்லாம் கயிறு கட்டிய இடத்தின்மேல்தான் விழுந்தது. அதன் பலனைப் பின்னர்க் காண்போம்.

சக்கரம் ஏன் பிடித்துக்கொள்கிறது?

டிரம் என்பது சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. அதற்குள் பிறைநிலா வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் சுழலாமல் நிற்கின்றன. காலால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் வீல் சிலிண்டரின் பிஸ்டன்களைத் தள்ளி, ஷூக்களை விரித்து, டிரம்மின் உட்சுவரோடு உரசச் செய்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஆயிலுக்குப் பதிலாகக் கம்பி அதே வேலையைச் செய்கிறது. விட்டதும் ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அமைப்பில் சக்கரம் பிடித்துக்கொள்ளப் பொதுவாக ஐந்து காரணங்கள் உண்டு. முதலாவது, ஹேண்ட் பிரேக் கம்பி அதன் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பி வராமை. இரண்டாவது, பிரேக் குழாய் உள்ளே வீங்கி அடைத்து, போன ஆயிலைத் திரும்ப விடாமை. மூன்றாவது, வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகிப்போதல். நான்காவது, ஷூவின் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளுதல். ஐந்தாவது, பேரிங் உடைந்து இறுகுதல்.

துருவைப் பற்றி ஒரு சொல். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. நீர் கலந்த துரு இன்னும் கூடுதலான இடத்தை அடைக்கும். கான்கிரீட் தூண்களில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்தால் மேற்பூச்சு வெடிப்பது இதனால்தான். தலைமுடி அளவு இடைவெளியில் துரு வளர்ந்தால் அது ஆப்பு அடித்ததற்குச் சமம். ஆகவே துருவோடு மல்லுக்கட்டுவது பசையோடு மட்டும் அன்று, ஆப்போடும்தான்.

வேலைக்கு முன் காவல்

முதலில் உயிர், பிறகுதான் வண்டி. சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, பிடித்திராத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுச் செய்யும் வேலை என்பதால் இந்தக் கட்டைகளே வண்டிக்குக் காவல். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபின் ஆக்சிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது, உத்திரம் இல்லாத கூரைக்குக் கீழே படுத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

பிரேக் தூசியை வாயால் ஊதுவதும் காற்றடித்துப் பறக்க விடுவதும் கூடாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் நுண்ணிழை நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

குற்றவாளி யார்?

டிராக்டரை அனுப்பிய மறுநாள், எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சுத்தியலை எடுக்கவில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியின் பின்புறம் முழுவதையும் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, முதலில் வலப்பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது சுழன்றது, நடுவில் உள்ள புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் உடன் சுழன்றது. “தம்பி, கியர் பாக்ஸும் கிரவுனும் நல்லா இருக்கு. நோய் இந்த ஒரு சக்கரத்துக்குள்ளதான்” என்றார். டிஃபரன்ஷியல் பற்றி நான் படித்திருந்தேன். ஒரு பக்கம் பூட்டியிருக்க மறுபக்கம் சுழன்றால் நடுத்தண்டு சுழன்றாக வேண்டும் என்பதும் தெரியும். அதை ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் தெரியாது.

அடுத்து ஹேண்ட் பிரேக் கம்பியை முழுவதும் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. எனவே கம்பி மட்டும் காரணம் அன்று. பின்பு வீல் சிலிண்டரின் நிப்பிளைச் சற்றே திறந்தார். உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தால் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் அப்போதே விடுபட்டிருக்கும். ஆயில் சொட்டாகத்தான் வந்தது, சக்கரம் அசையவில்லை. எனவே குழாய் அடைப்பும் இல்லை. மிஞ்சியவை மூன்று: ஒட்டிய லைனிங், இறுகிய பிஸ்டன், பேரிங். நிற்கும் முன்பு வண்டி ஓடியபோது பேரிங்கிலிருந்து எவ்வித இரைச்சலும் இல்லை என்று அப்பா சொன்னதால் அதுவும் சந்தேகப் பட்டியலில் பின்னுக்குப் போயிற்று.

ஐந்து காரணங்களில் மூன்றைப் பத்தே நிமிடத்தில், ஒரு பொருளையும் உடைக்காமல், ஒதுக்கி வைத்துவிட்டார். ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அந்த முறையே இது.

விடுவித்த முறை

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் முகப்பில், போல்டுகளுக்கு இடையில், மரக்கட்டையை வைத்து அதன்மேல் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். விளிம்பில் விழும் அடியைத் தாங்காது, விண்டுவிடும். தட்டுவதன் நோக்கம் டிரம்மைப் பெயர்ப்பது அன்று. அதிர்வால் துருவின் பிணைப்பை நொறுக்குவதே. நடுவில் டிரம்மும் ஆக்சில் முகமும் பொருந்தும் வளையத்தில் மட்டும் துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டார். இது கிடைக்காத இடங்களில் மண்ணெண்ணெய் உதவும். இவை மெல்லியவை; நுண்புழை ஏற்றத்தால் தலைமுடி இடுக்கிலும் தாமே ஊர்ந்து செல்லும். அதற்கு நேரம் தேவை. எங்கள் டிரம் ஓர் இரவு முழுவதும் ஊறியது. எண்ணெய் லைனிங்கின்மேல் பட்டால் பிரேக் பிடிக்காது என்பதால் தாராளம் கூடாது.

சிலர் தீயால் சூடு காட்டுவார்கள். அதற்கும் கணக்கு உண்டு. இரும்பு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ லட்சத்தில் 1.2 பங்கு விரிகிறது. 60 மில்லிமீட்டர் துளையை 100 டிகிரி சூடாக்கினால் அது சுமார் 0.07 மில்லிமீட்டர் விரியும். அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். துருவின் பிடியை விடுவிக்க அதுவே போதும். ஆனால் பெட்ரோலும் ரப்பரும் பிரேக் ஆயிலும் அருகில் உள்ள இடத்தில், அதிலும் எரிவாயு கிட் பொருத்திய வண்டியில், தீ கொண்டு செல்வது தெரிந்தே ஆபத்தை அழைப்பதாகும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மறுநாள் காலை அவர் செய்த காரியம்தான் என்னை வியக்க வைத்தது. கழற்றிய சக்கரத்தைத் திரும்பவும் மாட்டச் சொன்னார். “டிரம்மைப் பிடிச்சுத் திருகினா கை வலிக்கும். டயரைப் பிடிச்சுத் திருகு” என்றார். டயரின் ஆரம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். டிரம்மின் ஆரமோ அதில் பாதிக்கும் குறைவு. விசை அதுவே, நெம்புகோலின் நீளம் இரு மடங்குக்கும் மேல்! நானும் என் தம்பியும் டயரைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டினோம். ஒரே திசையில் முக்கக் கூடாது என்று அண்ணன் எச்சரித்தார். முன்பக்கம் சுழலும்போது ஒரு ஷூ டிரம்மின் இழுப்பிலேயே மேலும் இறுகும் இயல்புடையது; பின்பக்கம் சுழற்றினால் மற்றொன்று அவ்வாறு இறுகும். மாறி மாறி ஆட்டினால் ஒரு ஷூவும் தன் பிடியில் நிலைக்காது. ஏழெட்டு ஆட்டத்தில் ‘டக்’ என்று ஓர் ஒலி. சக்கரம் சுழன்றது. நிலை உராய்வு பெரிது, இயக்க உராய்வு சிறிது என்று தேர்வில் எழுதியதை என் உள்ளங்கை அன்றுதான் உணர்ந்தது.

பிறகு டிரம்மைக் கழற்ற வேண்டும். அதன் முகப்பில் மரையுள்ள இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்டுகளைச் செலுத்தி, ஒன்றுக்கு அரைச் சுற்று, மற்றொன்றுக்கு அரைச் சுற்று என்று சமமாக முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். ஒரு பக்கத்தை மட்டும் முடுக்கினால் கோணலாக இறுகிவிடும்.

உள்ளே செங்கல் பொடி போலத் துரு. ஒரு லைனிங்கின் ஓரம் பெயர்ந்திருந்தது. வீல் சிலிண்டரின் பிஸ்டன் ஒன்று அசைய மறுத்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பழைய ஆயில் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். ஷூக்களை இரு பக்கமும் புதிதாக மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சிலிண்டர் மாற்றப்பட்டது, புதிய ஆயில் ஊற்றிக் காற்று நீக்கப்பட்டது. பிரேக் வேலையை எங்கள் கையால் செய்தாலும் அனுபவசாலி ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுத்தோம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். நான்கிலும் ஒரே அளவு வெப்பம். ஒன்று மட்டும் தகித்தால் அந்த பிரேக் இன்னும் விடவில்லை என்று பொருள்.

வண்டி பேசத் தொடங்கியது

நிற்க. சக்கரம் விடுபட்டது, பூ மார்க்கெட்டுப் பயணமும் தொடங்கியது. ஆனால் மூன்றாம் நாள் முதல் வேகத்தடைகளில் ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். நிலக்கோட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் காட்டினோம். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, முன் ஸ்ட்ரட் இரண்டும் போய்விட்டன, மாற்றிவிடுங்கள் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை, அப்பா மருத்துவத்துக்கு வாங்கிய கடனில் பாதி. அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார். இரவு சாப்பிடும்போது, “சத்தத்தோடயே ஓட்டிக்கலாம்” என்றார். அதுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது. சத்தம் போடுவது பால் ஜாயிண்டாக இருந்து அது கழன்றுவிட்டால், ஓடுகிற ஓட்டத்தில் சக்கரம் மடங்கிவிடும். இருட்டில் புறப்படும் மனிதர் அவர்; கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை.

அந்தப் பட்டறைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கும் சத்தம் முன்னாலிருந்து வருவது போலத்தான் கேட்டது. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எஃகிலோ 5000 மீட்டருக்கும் மேல். அடியில் எழும் ஒலி உடற்தகடு முழுவதும் பரவி, எங்கு தகடு அதிர்கிறதோ அங்கிருந்து வெளிவருகிறது. மேலும், நொடிக்கு 100 அதிர்வுள்ள தடித்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். எங்கள் வண்டியின் மொத்த நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான்! இத்தகைய ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய நம் காதுகளால் எளிதில் இயலாது. ஆகவே ‘எங்கே கேட்கிறது’ என்ற கேள்வியை விட ‘எப்போது கேட்கிறது’ என்ற கேள்வியே பயன் தரும்.

எப்போது கேட்கிறது?

ஒவ்வொரு பழுதுக்கும் தனி மொழி உண்டு. வேகத்தோடு ஏறும் தொடர்ந்த முனகல் பேரிங்கினுடையது. வலப்பக்கம் திரும்பும்போது அது கூடினால், பாரம் சாய்கிற இடப்பக்கப் பேரிங்கைப் பார்க்க வேண்டும். கயிற்றுக் கட்டிலில் புரண்டு படுப்பது போன்ற ‘கிரீச்’ ஒலி உலர்ந்த ரப்பர் புஷ்ஷினுடையது அல்லது பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கேட்டால் ஸ்ட்ரட்டின் மேல் இருக்கையைச் சந்தேகிக்கலாம். பிரேக் போடும் கணத்தில் மட்டும் ஒரு ‘டொக்’ என்றால் முன் கைகளின் புஷ்கள். சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்ப ‘டிக், டிக்’ என்றால் முதலில் டயரில் சிக்கிய கல்லையும், உடனே சக்கர நட்டுகளையும் பார்க்க வேண்டும். தளர்ந்த நட்டு ஆளைக் கொல்லும்.

ஷாக் அப்சார்பருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் அது எழுந்து ஓரிரு ஆட்டத்தில் அடங்க வேண்டும். ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருந்தால் அலைவு தணியவில்லை, ஷாக் பழுது என்று பொருள். எங்கள் வண்டியின் முன் மூலைகள் இரண்டும் ஒரே ஆட்டத்தில் அடங்கின; எண்ணெய்க் கசிவும் இல்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆகியவற்றின் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் மூட்டுகளின் ஆட்டம் தெரியும். அங்கும் குறையில்லை.

அப்பாவிடம் கேட்டேன்: “எப்பப்பா சத்தம் அதிகம்?” சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “போகும்போது அவ்வளவா இல்ல. வெறும் வண்டியாத் திரும்பி வரும்போதுதான் தட்டுது.”

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை கிடைத்துவிட்டது. பூ மூட்டைகள் ஏறுவது வண்டியின் பின்பகுதியில். முன் ஸ்ட்ரட்டுகளின்மேல் அந்தப் பாரம் பெரிதாக விழாது. பின் பாரம் ஏறினால் மாறும் சத்தம் பின்னாலிருந்துதான் பிறக்க வேண்டும். பாரம் இருக்கும்போது தேய்ந்த மூட்டு ஒரே பக்கமாக அழுந்தி நிற்கிறது. பாரம் இல்லாதபோது அது இடைவெளிக்குள் துள்ளித் தட்டுகிறது.

கை கண்டுபிடித்தது

மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குச் சென்றோம். வண்டியைத் தூக்கிப் பின்புறத்தை ஆராய்ந்தோம். ஒன்றும் புலப்படவில்லை. “தூக்கினா அது ஊமையாயிடும். தரையில நிக்கவிட்டுப் பாரு” என்றார் அவர். தூக்கிய நிலையில் ஆக்சிலின் எடை ஸ்பிரிங்கைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது; மூட்டில் இருக்கும் தளர்ச்சி மறைந்துவிடுகிறது. எனவே வண்டியைக் குழியின்மேல் நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்துக் கட்டை கொடுத்தோம். என் தம்பி பின்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டான். நான் குழியில் இறங்கி நின்று, நீண்ட திருப்புளியின் நுனியை ஒவ்வொரு மூட்டிலும் வைத்து, கைப்பிடியைக் காதருகே எலும்பில் ஒட்டிக் கேட்டேன். 1816இல் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும், அதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்ததும் நாம் அறிந்ததே. இதுவும் அவ்வழி வந்ததுதான்.

வலப்பக்கம் அமைதி. இடப்பக்கம், பட்டை ஸ்பிரிங்கின் பின் முனையை உடலோடு இணைக்கும் ஷேக்கிலில் திருப்புளியை வைத்ததும் ‘டொக்’ என்று காதுக்குள் இடித்தது. விரலை வைத்தேன், தட்டுவது தோலில் தெரிந்தது. கடப்பாரை நுனியால் மெல்ல நெம்பியபோது, அதன் ரப்பர் புஷ் ஒரு பக்கமாகக் கிழிந்து பிதுங்கியிருப்பது தெரிந்தது.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிராக்டரின் வடக்கயிற்றை நாங்கள் கட்டிய இடம் அதே முனை. கோணலாக இழுத்த இழுப்பில் பழைய ரப்பர் கிழிந்திருக்கிறது. சக்கரத்தை விடுவிக்கச் செலுத்திய முரட்டு விசை அதனை விடுவிக்கவில்லை. வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது.

புதிய புஷ்களை இரு பக்கமும் பொருத்தினோம். ஸ்ட்ரட்டுக்குக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது பூவுக்கு நார் வாங்கும் காசு. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஷேக்கில் நட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் இறுக்கி முடிக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று, வண்டியின் எடை ஸ்பிரிங்கின்மேல் வந்த பிறகே கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். இல்லையெனில் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துபோகும். ஆக்சிலைப் பட்டையோடு பிணைக்கும் ‘யு’ போல்டுகளையும் அப்போதே சரிபார்த்தோம்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

நீண்ட நாள் நிறுத்தும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடலாகாது. கியரில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதே நலம். ஈர மண்ணைத் தவிர்த்துக் கெட்டித் தரையில் நிறுத்த வேண்டும். இயன்றால் வாரம் ஒரு முறை சில அடி தூரம் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். மழையில் நனைந்த வண்டியை நிறுத்துமுன் சற்று தூரம் பிரேக்கை மெல்ல மிதித்தபடி ஓட்டினால் டிரம் உலரும். கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் அதற்கென அமைந்த கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை ஓட்டுபவரின் வாய்ச்சொல்லை முழுவதும் கேட்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

முடிவுரை

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பின் அதைத் தணிக்கும் வழியைத் தேடுக என்று ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை மனிதனுக்கு மட்டும் உரியதன்று, இரும்புக்கும் உரியதே. அம்மி நகர்ந்தது அடி மேல் அடியால் அன்று. எந்த இடத்தில் எந்த அளவில் தட்ட வேண்டும் என்று ஒருவர் அறிந்திருந்ததால்.

தைப் பொங்கலுக்கு முந்தைய நாள் விடியற்காலையில், மூட்டைகளுக்கு நடுவில் இடுக்கி உட்கார்ந்துகொண்டு அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். வரும்போது வெறும் வண்டி. முதல் வேகத்தடை வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து, கழுத்தைச் சற்றுச் சாய்த்துக் காது கொடுத்தார். வண்டி ஏறி இறங்கியது. ஓர் ஒலியும் இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “காலேஜ்ல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டார்.

“ஆமாப்பா, முதல் வருஷத்துலயே சொன்னாங்க” என்றேன். சொன்னது பொய்யன்று. எனக்குப் புரிய மூன்றாம் ஆண்டு ஆயிற்று, அவ்வளவே.